சேலைக் கணக்கு

நம் நவீன எழுத்தில் நன்றாக உடுத்திக்கொண்ட கிழவிகள் அநேகமாகக் கிடையாது. கிழவிகள் ஏராளம். வெள்ளைச் சேலை, சுருங்கிய தோல், ஆளற்ற திண்ணை, பேரனுக்குச் சொல்ல ஒரு கதை, சாவதற்கு முன் ஒரு சின்ன ஆசை. இவற்றைச் சேர்த்தால் ஒரு கிழவி தயாராகிவிடுவாள் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. துன்பம் இருந்தால் அக உலகம் உண்டு, அக உலகம் இருந்தால்தான் பாத்திரம் உண்டு என்பது நமக்குள் எழுதப்படாத சூத்திரம். வயதான ஒரு பெண் கண்ணாடி முன் நின்று கொசுவத்தைச் சரிசெய்துகொண்டால் நம் எழுத்தாளனுக்கு உடனே சந்தேகம் வந்துவிடுகிறது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலில் தாயின் பெயரே அலங்காரம். அவளுடைய கம்பீரம் பாவத்தின் பக்கத்தில் வைக்கப்படுகிறது. அவள் காசிக்குப் போவதில் கணக்கு ஒருவாறு தீர்க்கப்படுகிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடைச் சிப்பந்தி. வியாதிக்கார மனைவிக்குச் சேலை கொண்டுவந்து காட்டுகிறார். அந்தச் சேலைகளின்மேல் சாவின் நிழல் ஏற்கனவே விழுந்தாயிற்று. இரண்டும் பெரிய படைப்புகள் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சேலைக்கு வேறு வேலையும் உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

என் ஆச்சி, அப்பாவைப் பெற்றவள், 1926இல் பிறந்தாள். 2021 மே மாதம் இறந்தாள். திருநெல்வேலி டவுனில், ரத வீதிகளுக்கு உள்ளடங்கிய ஒரு தெருவில், 1942இல் பதினாறு வயதில் வந்து புகுந்த வீட்டிலேயே ஏறக்குறைய எண்பது வருஷம் இருந்தாள். தாத்தா பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. வசதியான வீடு அல்ல. நன்றாக உடுத்தியவள் என்றதும் பீரோ நிறையப் பட்டு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். எந்தக் காலத்திலும் அவளிடம் பதினைந்து பதினாறு சேலைக்கு மேல் இருந்ததில்லை. அதில் பட்டு நாலு. டவுனில் பட்டுக்குப் பேர்போன ஆரெம்கேவி 1924இல் தொடங்கியது, ஆச்சிக்கு இரண்டு வயது மூப்பு. அந்தக் கடைக்குள் அவள் கல்யாணத்துக்கும் தலைத் தீபாவளிக்கும்தான் போயிருக்க முடியும். மற்றபடி தறிக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கும் மூட்டைதான்.

ஆனால் அந்தப் பதினாறையும் அவள் உடுத்திய விதம் ஒரு துறை. பட்டை ஆணியில் தொங்கவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். பழைய மடிப்பிலேயே கிடந்தால் அந்த வரியில் ஜரிகை விட்டுப்போகும். பருத்திக்கு வடிகஞ்சி, அதுவும் பழைய அரிசிக் கஞ்சி. நிழலில் காயவைத்து, ஈரம் முழுக்க இறங்குமுன் நீவி மடித்து, பாய்க்கு அடியில் வைத்து ஒரு ராத்திரி படுத்தால் இஸ்திரிக்காரன் தோற்றான். கல்யாணமாகி வரும்போது பின்கொசுவம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் முன்கொசுவத்துக்கு மாறினாள். தெருவில் அவள்தான் முதல் என்று சொல்வார்கள். நைலக்ஸ் வந்த புதிதில் ஒன்று வாங்கி, இரண்டு தடவை உடுத்தி, வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். "அது மேல கிடக்கும். உடுத்தின மாதிரி இருக்காது" என்பது தீர்ப்பு. துணியைப் பற்றி இதைவிடக் கறாரான விமரிசன வாக்கியத்தை நான் படித்ததில்லை.

மாலை நாலு மணிக்கு முகம் கழுவி, க்யூடிகுரா பவுடர் தடவி, பிச்சிப்பூ வைத்து, இடுப்பில் சுருக்குப்பையைச் செருகிக்கொண்டு அவள் தெருவில் இறங்குவாள். செருப்பு உண்டு, அவள் வயதுப் பெண்கள் டவுனில் செருப்பில்லாமல் நடந்த காலத்திலேயே உண்டு. டவுன் முழுவதும் அவள் எல்லை. ஜங்ஷன், 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை இவை பஸ் ஏறிப் போகிற எல்லை. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை, துஷ்டி எதையும் விடமாட்டாள். எதுவும் இல்லாத நாட்களில் சும்மா போவாள். சும்மா போவதற்குத்தான் அதிக ஆயத்தம். சாப்பாட்டு வேளையில் போகக் கூடாது. வெறுங்கையோடு போகக் கூடாது. உட்கார்ந்தால் காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிடக் கூடாது, ஆறிய பிறகும் இருக்கக் கூடாது.

இவளுக்கு அக உலகம் என்று ஒன்று இருந்ததா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. கதை சொல்ல மாட்டாள். பழமொழி அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்து பார்த்ததில்லை. கல்லூரியில் படிக்கும்போது, வாய்மொழி வரலாறு என்ற பேச்சு காதில் விழுந்த உற்சாகத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று டவுனில் என்ன நடந்தது என்று கேட்டேன். "கோயிலுக்குப் போனோம். நல்ல சேலை இல்ல. அப்போ துணி எங்க கிடைச்சுது?" என்றாள். அவ்வளவுதான். சலிப்பூட்டும் பதில்போலத் தெரியும். ஆனால் 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்தார்கள் என்பதும், யுத்தம் முடிந்த பிறகும் துணித் தட்டுப்பாடு தீரவில்லை என்பதும் புத்தகத்தில் இருக்கிற விஷயம். கொடியேற்றத்தைவிட அந்தப் பஞ்சம் அவள் உடம்பில் அதிகம் பதிந்திருக்கிறது. அவளுக்கு வரலாறு துணியாகத்தான் வந்தது: கண்ட்ரோல் துணி, வாயில், நைலக்ஸ், பாலியெஸ்டர். ஒரு ஆட்சியின் பெயரைக்கூட அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் செய்த காரியம் ஒன்றைச் சொன்னால் விளங்கும். தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருத்தி, கல்யாணமான ஏழாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். இது எழுபதுகளில். தெரு இரண்டு கட்சியாயிற்று: விசாரிக்கப் போகிறவர்கள் ஒரு கட்சி, அந்தப் பக்கமே போகாதவர்கள் ஒரு கட்சி. இரண்டும் ஒரே கொடுமைதான். ஆச்சி பத்து நாள் கழித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். துஷ்டி வீட்டுக்குப் போகிற மங்கல் சேலை அல்ல, விசேஷ வீட்டுக்குப் போகிற சேலை. போய், முறுக்கு உரலை இரவல் கேட்டாள். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் முறுக்கு சுடுகையில், "கை குறையுது, உங்க மகளைக் கொஞ்சம் அனுப்புங்க" என்று ஆள் விட்டாள். அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசல் வழியாக வந்து, சாயங்காலம் தூக்குவாளி நிறைய முறுக்கோடு தெரு பார்க்கத் திரும்பிப் போனாள். எங்கள் வீட்டில் முறுக்கு உரல் இரண்டு இருந்தது.

வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலில் அந்த அம்மாள் தன் விருந்துகளை ஒரு காணிக்கை என்று நினைத்துக்கொள்கிறாள். யாருக்கு என்று அவளுக்கே சொல்லத் தெரிவதில்லை. பி.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது, மேட்டுக்குடிப் பெண்ணின் சுயசமாதானம் என்று ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இருக்கலாம். ஆனால் டாலோவே அம்மாளுக்கு, தான் செய்வது என்ன என்ற நினைப்பு இருக்கிறது; அதனால்தான் அவள் நாவலுக்குள் வர முடிந்தது. ஆச்சிக்கு அந்த நினைப்பும் கிடையாது. செயல் மட்டும் இருக்கிறது. நம் சிறுபத்திரிகைக் கதாநாயகனோ இதற்கு நேர் எதிர். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருப்பான், சொந்தக்காரன் கல்யாணத்துக்குப் போகமாட்டான். (போனாலும் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவான். நம்மில் பலரை நான் பார்த்திருக்கிறேன்.) செயலை மட்டும் கொண்ட ஒருத்தியைப் பற்றிப் பேச நம்மிடம் பாஷை இல்லை. மேலோட்டமானவள் என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. ஒருவருடைய மானத்தை நாலு தெரு பார்க்க மீட்டுக் கொடுப்பது மேற்பரப்பில்தான் நடக்க முடியும். ஆழத்தில் அதைச் செய்ய வழியில்லை.

இதோடு நிறுத்தினால் ஆச்சியைப் புகழ்ந்து ஒரு கட்டுரை ஆகிவிடும். நோட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மொய் நோட்டு எல்லா வீட்டிலும் உண்டு. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைப்பது. எங்கள் வீட்டு நோட்டுகள் தலைகீழ். ஆச்சி போன இடங்களில் என்ன செய்தாள் என்பது அதில் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டுகள், மொத்தம் ஒன்பது. முதல் பதிவு 1946. 1957இல் நயா பைசா வரும்வரை ரூபாய், அணா, பைசா, பிறகு தசமம். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பதினொன்று, ஐம்பத்தொன்று, நூற்றொன்று. வங்கியில் நான் குமாஸ்தா. பேரேடு பார்ப்பது என் பிழைப்பு. எங்கள் கணக்கு அன்றன்றைக்குச் சரியாக வந்து முடிய வேண்டும். வித்தியாசம் பத்துப் பைசாவானாலும் ஆபீஸை விட்டுக் கிளம்ப முடியாது. மொய்க் கணக்கில் நேர்விட்டால்தான் ஆபத்து. பதினொன்று வந்த வீட்டுக்குப் பதினொன்றே திருப்பினால் உறவை முடித்துக்கொண்டதாக அர்த்தம். கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும், அவர்கள் மறுபடி கூட்டிச் செய்வார்கள், கணக்கு மூடாது. அன்பளிப்பு கடனை உண்டாக்குகிறது, அந்தக் கடன்தான் சமூகத்தைக் கட்டுகிறது என்று மார்ஸெல் மோஸ் 1925இல் எழுதியது பெரிய கண்டுபிடிப்பாக மதிக்கப்படுகிறது. எங்கள் தெருவில் அது சாதாரண மரியாதை.

இந்த நோட்டுகளில் வேறெங்கும் நான் பார்க்காத ஒரு கட்டம் இருக்கிறது. தேதி, வீடு, விசேஷம், தொகை, அதற்குப் பிறகு கடைசியாகச் சேலை. மாம்பழம், அரக்குக் கரை. மயில்கழுத்து. கத்திரிப்பூ. வெங்காயக் கலர், சின்னக் கட்டம். ஒரு வீட்டுக்கு ஒருமுறை உடுத்திப் போனதை அதே வீட்டுக்கு மறுமுறை உடுத்தக் கூடாது என்பதற்காக. பதினாறு சேலையை வைத்துக்கொண்டு இருநூறு வீட்டில் இதைக் காப்பாற்றுவதற்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

ஆச்சிக்குத் தன் பெயரைத் தவிர எழுதத் தெரியாது. நோட்டுகளை எழுதியது பெரியாச்சி.

பெரியாச்சி தாத்தாவின் அக்கா. 1917இல் பிறந்தவள். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தாள். பெண்ணுக்குப் பதினாலு வயதுக்கு முன் கல்யாணம் செய்யக் கூடாது என்கிற சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாக நடந்த கல்யாணங்களில் அவளுடையதும் ஒன்று. வயது பதின்மூன்று நிரம்பவில்லை. 1935இல் புருஷன் இறந்துபோனான். பதினெட்டு வயதில் வெள்ளை உடுத்திப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் 2001இல் அங்கேதான் இறந்தாள். இந்து விதவைக்குப் புருஷன் சொத்தில் ஒரு பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது; அதற்கு முன் செத்தவர்களின் சொத்துக்கு அது பொருந்தாது. ஒரு சட்டத்துக்கு ஒரு மாதம் முந்தியும் இன்னொன்றுக்கு இரண்டு வருஷம் முந்தியும் அவளுக்கு எல்லாம் நடந்துவிட்டது.

அவளைப் பாவப்பட்ட ஜீவன் என்று எண்ணிவிட வேண்டாம். அடுக்களை அவள் ராஜ்யம். நாக்கு அரம். எல்லாருக்கும், தாத்தாவுக்கும்கூட, அவளிடம் பயம். சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுக்கையில் பக்கத்தில் போனால் அடி விழும். ஆச்சி நாலு மணிக்குத் தெருவில் இறங்க முடிந்ததென்றால் ராத்திரிச் சாப்பாட்டை அவள் பார்த்துக்கொண்டதால். நான் மேலே அத்தனை விஸ்தாரமாகச் சொன்ன கஞ்சி, நிழலில் உலர்த்தல், மடிப்பு மாற்றல் எல்லாம் அவள் கைவேலை. உடுத்தும் துறை என்றேனே, அதில் பாதித் துறை வெள்ளை உடுத்தியவளிடம் இருந்தது. விசேஷ வீடுகளுக்கு அவள் போக முடியாது. ஆனால் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு அந்த ஊரில் நடந்த விசேஷங்களின் ஒரே எழுத்துப்பூர்வமான சாட்சியம் அவள் கையெழுத்தில் இருக்கிறது.

அந்த எழுதுதல் எப்படி நடக்கும் என்பதைச் சிறு பையனாக நான் பார்த்திருக்கிறேன். ஆச்சி திரும்பி வந்து, சேலையைக் களைந்து வேறு மாற்றிக்கொண்டு, பட்டாசலில் தூணில் சாய்ந்து உட்காருவாள். பெரியாச்சி அடுக்களை வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டையும் பேனாவையும் எடுத்து வருவாள். எழுதுவது இரண்டு நிமிஷம். கேள்விகள் ஒரு மணி நேரம். பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி உண்டா, சம்பந்தி வீட்டார் முகம் எப்படி, அவியலில் புளிப்பு இருந்ததா, இன்னார் வந்தாளா, வந்தவள் யாரோடு பேசவில்லை. ஆச்சி எதையும் கூட்டிச் சொல்லமாட்டாள். பெரியாச்சி எதையும் விட்டுவைக்கமாட்டாள். இப்போது நினைக்கையில், ஆச்சி அவ்வளவு துல்லியமாகப் பார்த்துவிட்டு வந்தது திரும்பி வந்தபின் இப்படிக் கேட்கப்படும் என்பதால்தான் என்று தோன்றுகிறது. ஒருத்தி கண், ஒருத்தி கேள்வி. நோட்டில் சில இடங்களில் பெரியாச்சியின் சொந்த அபிப்பிராயமும் பொடி எழுத்தில் உண்டு. 1962இல் ஒரு வளைகாப்புக்கு எதிரே: 'கஞ்சி போதாது.'

தாத்தா 1974இல் இறந்தார். ஆச்சிக்கு நாற்பத்தெட்டு. ஒரு வருஷம் வெள்ளைதான், வெளியே போகவில்லை, நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அதற்கப்புறம் நடந்ததை நோட்டிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன். வீட்டில் யாரும் அதை ஒரு சம்பவமாகச் சொன்னதில்லை; சம்பவமாக ஆகாதபடி அவள் பார்த்துக்கொண்டாள். 1975 கடைசியில் ஒரு பதிவு: வெள்ளை, நீலக் கரை. 1976இல் சந்தனக் கலர். 1977இல் வெளிர் நீலம், கட்டம். 1979இல் காப்பிப்பொடிக் கலர். ஒவ்வொரு தடவையும் அரை அடி. எந்த நாளில் அவள் வெள்ளையை விட்டாள் என்று ஊரால் விரல்வைத்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1986இல், பழைய மயில்கழுத்துப் பட்டு. நெற்றியில் திருநீறு மட்டும், பூ இல்லை, சேலை மயில்கழுத்து.

கல்யாண வீட்டுக்குள் நுழைவதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முகூர்த்தத்துக்கு விதவை போனால் முகம் சுளிப்பார்கள். ஆனால் சாயங்கால வரவேற்பு புதிதாக வந்த பழக்கம்; அதில் சடங்கு எதுவும் இல்லை, நாற்காலி போட்டிருப்பார்கள், பாட்டு இருக்கும், சாஸ்திரம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளி வழியாக அவள் ஊருக்குள் மறுபடி வந்தாள். 1974க்குப் பிந்தின கல்யாணப் பதிவுகள் எல்லாவற்றிலும் விசேஷம் என்ற கட்டத்தில் 'வரவேற்பு' என்றே எழுதியிருக்கிறது. வைதவ்யத்துக்கு எதிராக நம் மேடைகளில் எவ்வளவோ முழங்கியிருக்கிறார்கள். இவள் முழங்கவில்லை, அழவில்லை, யாரையும் எதிர்க்கவும் இல்லை. ஒரு ஜவுளி மூட்டையின் துணையோடு வெளியே வந்துவிட்டாள்.

என் அத்தை, அப்போது இருபது வயதுப் பெண், கூட இருந்து கேட்டது இது. 1977இல் ஜங்ஷனில் ஒரு வரவேற்பு. ஆச்சி அந்த வெளிர் நீலத்தை உடுத்திக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்று, "சாயங்காலந்தானே மைனி, நீங்களும் வாங்க" என்றாளாம். பெரியாச்சி அடுப்பைப் பார்த்தபடியே, "எனக்கு என்ன சேலை இருக்கு?" என்றாளாம். ஆச்சி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

எங்கள் ஊரில் விருந்துக்குக் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை வரேன் என்பது பசி. இரண்டாம் தடவை மறுப்பது மரியாதை. மூன்றாம் தடவைதான் உண்மையான பதில். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆச்சி. மருமக்கள், சம்பந்திகள், இலையில் உட்கார்ந்த பிள்ளைகள் யாரையும் அவள் ஒரு தடவையோடு விட்டதில்லை. பெரியாச்சியை அவள் ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அதற்கப்புறம் இருபத்து நாலு வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டாவது அழைப்பு வரவில்லை.

காரணம் ஊகிக்க முடிகிறது. அரை அடி அரை அடியாக நகர்கிறவளுக்குக் கூட்டம் ஆகாது. ஒரு விதவை வெளிர் நீலத்தில் வந்தால் கண்ணை ஒருமுறை உறுத்தும், பிறகு பழகிவிடும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் அது ஒரு செய்தி, ஊர் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டுக் கண்ணியத்துக்கு வெள்ளை உடுத்தி உள்ளே ஒருத்தி இருந்தாள். அந்த ஈடு இருந்ததால்தான் மற்றவளுக்குக் கலர் கடனாகக் கிடைத்தது. நான் தினம் நகைக்கடன் சீட்டு எழுதுகிறவன். வேறு சொற்களில் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆச்சிக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன். மனிதர்களை அவ்வளவு நுட்பமாகப் படித்தவளுக்கு, 'என்ன சேலை இருக்கு' என்பது மறுப்பு அல்ல, கேள்வி என்று புரியாமலிருக்க நியாயமில்லை. பதினாறு சேலை இருந்தது. அத்தனையும் பெரியாச்சி கையால் மடித்தது.

ஆனால் இந்தத் தீர்ப்பை இதோடு எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. அந்த 1986ஆம் வருஷப் பதிவு இடையில் நிற்கிறது. தேதி, வீடு, வரவேற்பு, ரூ. 51.00, மயில்கழுத்து. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில்: 'எடுப்பாக இருந்தது.' வாசல் நடையில் நின்று அவள் போவதைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்க வேண்டும். இதில் பொறாமை இருக்கிறதா, பெருமை இருக்கிறதா, தன் கைவேலையைப் பற்றிய தொழில்காரியின் திருப்தி மட்டும்தானா என்பதை எத்தனை தடவை படித்தாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கவில்லை.

2001இல் பெரியாச்சி போன பிறகு நோட்டு என் கைக்கு வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆச்சி சொல்வாள், நான் எழுதுவேன், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. அவியல் புளிப்பைப் பற்றி ஒரு பையனுக்கு என்ன கவலை? அவள் கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்தபடியே இருப்பாள். பிறகு, "அவ்வளவுதான்" என்று தானே சொல்லிவிட்டு எழுந்துபோவாள். வருஷம் ஆக ஆகப் பதிவுகள் குறைந்தன; கூட்டாளிகள் செத்துக்கொண்டே வந்தார்கள். 2019இல் தொண்ணூற்று மூன்று வயதில் ஒரு வரவேற்புக்குப் போனாள், சக்கர நாற்காலியில், சாம்பல் கலரில் கறுப்புக் கரை. அதுதான் கடைசி.

2021 மே மாதம் அவள் இறந்தபோது கொரோனா இரண்டாம் அலையின் உச்சம். துஷ்டி வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசாங்க உத்தரவு. எழுபத்தைந்து வருஷம் ஊரிலுள்ள எல்லாச் சாவுக்கும் போனவளுக்கு இருபது பேர். அதில் நாலு பேர் தூக்குகிறவர்கள். பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். முழு ஊரடங்கு, ஒரு ஜவுளிக்கடை திறந்திருக்கவில்லை. அவள் அண்ணன் பேரன் தன் வீட்டு அலமாரியிலிருந்து, யாரோ எதற்கோ கொடுத்து உறை பிரிக்காமல் கிடந்த ஒரு சேலையைக் கொண்டுவந்தான். பாலியெஸ்டர். அத்தை அதை வாங்கி மேலே போர்த்தினாள். உள்ளே மயில்கழுத்து உடுத்தியிருந்தது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். துஷ்டி கேட்க ஒரு வருஷம் கழித்து வருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை, வந்தார்கள். வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள், எண்பதுக்கு மேல் வயது, பதினாலு மாதம் கழித்துப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் என்ன சேலை உடுத்தினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். நோட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் கல்யாணம் அதில் இருக்கிறதா என்று கேட்டாள். தேடி எடுத்தேன். 1958, ஆவணி. ரூ. 5.00, ஒரு செம்பு. அரக்கு, ஒற்றைக் கரை. சம்பந்தி வீட்டாருக்கு இலை போடத் தாமதம் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எழுத்து யாருது?"

பெரியாச்சியுடையது என்றேன்.

"அவுக கல்யாணத்துக்கு வரலியே" என்றாள்.